மூன்று மாதத்தில் இழுபட்ட சங்கிலி

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டது புரட்டாசியில். இப்போது மார்கழி பிறந்துவிட்டது. செய்து பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம். சைக்கிள் சங்கிலிக்கு ஒயிலை விட்டு மெழுகு போடலாமா, ரொறன்ரோவில் வாங்கிய சங்கிலி மூன்று மாதத்தில் இழுபட்டுவிட்டது என்று இரண்டே வரி எழுதியிருந்தாய். அதன் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலால் வந்ததும் செருப்பைக் கழற்ற முன்பே தொலைபேசியைத்தான் பார்க்கிறாள்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மெழுகை நேரே அடுப்பில் வைக்காதே. ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் பேணியை இறக்கி, பேணியில் மெழுகை உருக்கு. தண்ணீர் 100 பாகைக்கு மேல் ஏறாது. மெழுகு 60 பாகையளவில் உருகிவிடும். நேரே நெருப்பில் வைத்தால் புகைந்து பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதே, மூடியால் மூடு. நீ இருப்பது நிலக்கீழ் அறை என்பதை நான் மறக்கவில்லை.

வெள்ளை மெழுகுதிரி அரைக் கிலோ வாங்கினேன். நிறமும் வாசமும் சேர்த்தது வேண்டாம். தேன்மெழுகும் வேண்டாம், அது பசை போல ஒட்டி மண்ணைப் பிடிக்கும். முதல் சங்கிலி வீணாகிவிட்டது. உள்ளே இருந்த பழைய ஒயிலை முழுதாகப் போக்காமல் தோய்த்தேன். மெழுகு பிடிக்காமல் அடுத்த நாளே தவிடு போல உதிர்ந்தது. இரண்டாவதை மண்ணெண்ணெயில் மூன்று தரம் குலுக்கிக் கழுவினேன். மூன்றாம் தரம்தான் மண்ணெண்ணெய் கறுக்காமல் நின்றது. மண்ணெண்ணெயும் ஒரு பிசுக்கை விட்டுப் போகும், ஆகவே ஸ்பிரிட்டில் அலசி வெயிலில் உலர்த்தினேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இந்த வேலையை முடித்து, இரண்டு போத்தலையும் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். கேட்கிறதா?

உருகிய மெழுகில் சங்கிலியை இறக்கியதும் குமிழி குமிழியாக வரும். கண்ணிகளுக்குள் இருக்கும் காற்று அது. குமிழி நிற்கும் வரை அசைத்துக்கொண்டிரு. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, பேணியின் ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கும்போது தூக்கு. கொதிசூட்டில் தூக்கினால் உள்ளே போன மெழுகு திரும்ப வழிந்துவிடும். தொங்கவிட்டு ஆறிய பின் விறைத்துப்போய் இருக்கும்; ஒரு குழாயில் சுற்றி ஒவ்வொரு கண்ணியாக மடக்கி இளக்கிக்கொள்.

சாம்பல்தீவிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவரை உனக்குத் தெரியும். அவருடைய சைக்கிளில்தான் பூட்டினேன். அவர் சங்கிலியில் எப்போதும் ஒயிலும் கடற்கரை மணலும் குழைந்த கறுப்புச் சாந்து இருக்கும், அதுதான் இரும்பை அரம் போல அராவுகிறது. மூன்று கிழமை கழித்துத் தொட்டுப் பார்த்தேன். கை கறுக்கவில்லை, தம்பி! மணல் ஒட்டவே இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தில் உனக்கு அழைத்தேன். நீ எடுக்கவில்லை.

பிறகு மாரி தொடங்கியது. ஓர் இரவு சைக்கிள் மழையில் நின்றது. விடியச் சங்கிலி சிவந்துவிட்டது. மெழுகுக்கு மழை ஆகாது. நனைந்தால் அன்றைக்கே துடைத்து உலர்த்தி மறுபடி தோய்க்க வேண்டும். ரொறன்ரோவில் பனிக்கு வீதியெல்லாம் உப்புப் போடுகிறார்கள் என்றால் அதன் முன்னால் எங்கள் கடற்காற்று ஒன்றுமே இல்லை. இரண்டு சங்கிலி வைத்துக்கொள். ஒன்று ஓடட்டும், மற்றது தோய்த்துத் தொங்கட்டும்.

நாற்பது வருடம் சங்கிலி மாற்றியவனுக்கு ஒரு சங்கிலி எவ்வளவு தூரம் ஓடினால் இழுபடும் என்று தெரியும். கையுறை நல்லதாக வாங்கு. பின்விளக்குக்குப் பணம் பார்க்காதே. இரவில் சாப்பிட்டுவிட்டுப் படு.

2022 இல் பெற்றோல் இல்லாத நாட்களில் கடை வாசலில் காற்சட்டை போட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் துருப்பிடித்த சைக்கிளோடு வரிசையில் நின்றார்கள். மகன் எப்படி என்று கேட்டார்கள். கனடாவில் எஞ்சினியர் என்று தலை நிமிர்ந்து சொன்னேன். அப்போது நீயும் கிழமைக்கு இரண்டு தரம் பேசினாய்.

நீ ஏழாம் ஆண்டில் படிக்கும்போது வெள்ளைச் சேட்டில் கிறீஸ் பூசிக்கொண்டு கடையிலிருந்து வந்தாய். நான் அடித்தேன். சேட்டுக்காக அடித்ததாக நீ இன்றும் நினைத்துக்கொண்டிருப்பாய். அந்தக் கிழமைதான் பாடசாலைப் படிவத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில், 'சைக்கிள் திருத்துதல்' என்று நீ அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தாய். உன் கண் முன்னாலேயே அதை வெட்டி, 'வியாபாரம்' என்று எழுதினேன். இந்த வீட்டுக்குச் சோறு போட்ட தொழிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ ஒன்றும் பேசாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாய். கையால் உழைப்பதை வீட்டாரிடம்கூட மறைக்க வேண்டும் என்று நீ நினைத்தால், அதைப் பழக்கியவன் நான். அது என் பிழை.

இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

சின்னம்மாவின் மருமகன் தை மாதம் அங்கே வருகிறார். அவரிடம் கடையில் இருந்த பழைய இரும்பு அடிமட்டத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஓர் ஆணியின் நடுவில் 0 வைத்து அளந்தால், 24 கண்ணி தாண்டிய ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்று, இல்லாவிட்டால் பற்சக்கரத்தையும் தின்றுவிடும். உன்னுடையது எவ்வளவு என்று அளந்து எனக்குச் சொல். எந்த நேரம் எடுத்தாலும் நான் விழித்திருப்பேன்.

மிஞ்சிய மெழுகைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றாதே, குழாய் அடைத்துவிடும். பேணியை நேரே அடுப்பில் வைக்காதே.

அப்பா