பழைய ரியூபும் உன்ர ஊசிமுனையும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

புலஉமிழ்வுத் திரையை (FED), அதுதான் சூடாக்காம மின்புலத்தால இலத்திரனை இழுத்து ஒளிர வைக்கிற தட்டைப் பனலைப் பற்றி நீ எழுதின கடிதம் வந்து மூண்டு கிழமை. இஞ்ச மாரி விட்டபாடில்லை. அப்பாட பழைய ரிவியை இனி வீட்டில வைச்சிருக்கேலாது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. கடைசியா ஒருக்காப் போட்டுப் பாத்தன். படம் வரேல்லை, பின்னால, ரியூபின்ர அனோட்டுக்கு (இலத்திரனை இழுக்கிற நேர் மின்வாய்) போற வயரடியில 'உஸ்ஸ்' எண்டு சத்தம். எங்கட கடற்காத்து தெரியும்தானே, உப்பும் ஈரமும் படிஞ்சு ஹை வோல்ட்டேஜ் கசியுது. பிளக்கைக் கழட்டிப்போட்டு, மண்வயர் கட்டின ஸ்குரூ டிறைவரை றப்பர் மூடிக்குள்ள விட்டன். 'டக்' எண்டு நீலப்பொறி.

அப்பதான் நீ கீறி அனுப்பின படம் ஞாபகம் வந்தது. ரியூபின்ர கழுத்துக்குள்ள இருக்கிறது இலத்திரன் துவக்கு. இலத்திரனை விடுற மின்வாயான கதோட்டைச் சிவக்கச் சூடாக்கி, வாற இலத்திரனைத் திரை முழுக்க வளைச்சு வளைச்சு அடிக்கவேணும். அதுக்குத்தான் ரியூபுக்கு அவ்வளவு பெரிய வயிறு. உன்ர பனல் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் இடைவெளிக்குள்ள அதே வேலையைச் சூடில்லாமச் செய்யுது. 1968இல ஆராய்ச்சியாளர் ஸ்பின்ட் எழுதின மொலிப்டினம் கூம்புகளின்ர கதை வடிவா விளங்கிச்சு: இலத்திரனை விடவும் மறிக்கவும் வைக்கிற மின்வாயான கேற்றில மைக்ரோன் அளவில ஒரு ஓட்டை, நடுவில கூர். 100 வோல்ட்டே காணும். தூரம் அவ்வளவு கிட்ட, மிச்சத்தைக் கூர் பாத்துக்கொள்ளும்.

ஆனா கேற்றைக் கதோட்டுக்குக் கீழே புதைக்கிற அமைப்பில எனக்கொரு சந்தேகம். இடையில காவலி (மின்கடத்தாப் படை) இருக்கு, லேசா அச்சடிக்கலாம், கதோட்டில கூருக்குப் பதிலா நிக்கிற காபன் நனோக்குழாய் கேற்றில பட்டு ஷோர்ட் ஆகாது. எல்லாம் சரி. கதோட்டுக் கோட்டின்ர ஓரத்தாலதான் மின்புலம் வளைஞ்சு ஏறும். மேல மறைப்பு எங்க? திரையில பூசின பொஸ்பர் நல்லா ஒளிர அனோட்டுக்கு ஆயிரக்கணக்கில வோல்ட் குடுத்தா, அது கேற்றைக் கேளாமலே இலத்திரனை இழுத்தெடுக்குமே! ஓஃப் பண்ணின புள்ளியும் எரிஞ்சுகொண்டு நிக்கும். கேற்றை மேல வைச்சா அந்தத் தொல்லை குறையும், ஆனா இலத்திரன் விரிஞ்சு பக்கத்து நிறத்தில போய் விழும். பிறகு அதைக் குவிக்க இன்னொரு மின்வாய்.

கெனன்காரர் கூரே வேண்டாமெண்டு, பலேடியம் ஒக்சைட் படலத்தில நனோமீற்றர் கணக்கில வெடிப்பு வைச்சுப் பாத்தவங்கள். 2010இல வீட்டு ரிவிக்கு அதுவும் வேண்டாமெண்டு விட்டிட்டாங்கள். எல்சிடி விலை விழுந்த வேகத்துக்கு ஆர் நிண்டு பிடிக்கிறது?

நேற்றுக் கோட்டையடியில மான் ஒண்டு என்ர சைக்கிள் பையில இருந்த கீரைக்கட்டை இழுத்துக்கொண்டு போட்டுது. பக்கத்துக் கடைக்காரர் சிரிச்ச சிரிப்பு!

அந்தக் குறுக்குவெட்டை இன்னொருக்காப் பெரிசாக் கீறி அனுப்பு. காவலியின்ர தடிப்பை எழுத மறந்திட்டாய்.

இப்படிக்கு,
உன்ர வாங்குக்காரன்