ரெண்டு ஜோடி பற்றிக் கேட்டாய்

அன்புள்ள கண்ணா,

ஏழு வாரம் கழித்து உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. "அம்மா, செவன் கார்டு ஸ்டட்ல ரெண்டு ஜோடி வந்தா எப்போ பெட் பண்ணணும்?" ஏழு சீட்டுப் போக்கரில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். முழங்கால் எப்படி இருக்கிறது, தனியாகப் பனி தள்ளினாயா, ஒன்றும் கிடையாது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

யாரோடு ஆடுகிறாய், எத்தனை டாலர் மேசை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. நாற்பது வயதாகப் போகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? ஒரு தடவைக்கு ஒன்றிலிருந்து ஐந்து டாலர்வரை போடுகிற மேசை என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். ஐந்து டாலர்தானே?

ரெண்டு ஜோடி பார்க்க அழகாக இருக்கும். கவிழ்த்த சீட்டில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது. மேலே ஒரு ராஜா. நாலாவதாக ஒன்பது வந்து உட்காரும். வெளியே இருப்பவனுக்கு ஒரு ராஜாவும் ஒரு ஒன்பதும்தான் தெரியும். மனசு குளிர்ந்துவிடும். அப்போதுதான் எல்லோரும் பதுங்குவார்கள், இன்னும் நாலு பேர் வரட்டும், பணம் சேரட்டும் என்று. பதுங்காதே. நாலு சீட்டில் இருக்கிற ரெண்டு ஜோடி கடைசியில் ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ரெண்டு என்று ஃபுல் ஹவுஸ் ஆவது நூற்றுக்கு 23, 24 தடவைதான். எதிரே நாலு ஆர்ட்டின் வைத்திருப்பவனுக்கு ஐந்தாவது ஆர்ட்டினும் வந்து ஃப்ளஷ் விழுவது நூற்றுக்கு 47. இப்போது முன்னால் இருப்பது நீ, வளரப் போகிறவன் அவன். அதனால் இப்போதே பெட் பண்ணு. அவன் வாங்குகிற ஒவ்வொரு சீட்டுக்கும் காசு கொடுக்கட்டும்.

ஆனால் சின்ன மேசையில் ஐந்து டாலருக்கு யாரும் பயந்து ஓட மாட்டார்கள். முப்பது டாலர் குவிந்து கிடக்கும்போது ஐந்து டாலர் எந்த மூலைக்கு? உன் வலது பக்கத்தில் இருப்பவன் முதலில் போட்டால் நீ ரைஸ் பண்ணு, ஐந்தைப் பத்தாக்கு. அப்போது உனக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரே மூச்சில் பத்து டாலர் எடுக்க வேண்டும். பத்துக்கு யோசிப்பார்கள். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனைக்கு உனக்கு நல்லது. நாலு பேரோடு கடைசிவரை போகிற ரெண்டு ஜோடி பெரும்பாலும் அடி வாங்கித்தான் வரும்.

அப்புறம், உன் ராஜாவும் ஒன்பதும் வேறு யார் முன்னாலாவது திறந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொள். உன்னைக் காப்பாற்றப் போவது நாலே சீட்டு. அதில் ரெண்டு அடுத்தவன் முன்னால் கிடந்தால் பாதி போச்சு. ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனவர்களின் சீட்டும் ஞாபகம் இருக்க வேண்டும். உனக்கு அது கஷ்டமில்லை. ஆறு வயதில் ஐம்பது மாநிலத் தலைநகரும் ஒப்பித்தவன் நீ. அத்தை வீட்டு ரம்மியில் எந்தச் சீட்டு எப்போது கீழே விழுந்தது என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். இவ்வளவு தலை இருந்தும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறாய் என்றால்... சரி, விடு.

சாப்பிட்டுவிட்டு உட்கார். வெறும் வயிற்றில் உட்கார்ந்தால் எல்லாச் சீட்டும் நல்ல சீட்டாகத் தெரியும்.

கடைசிச் சீட்டில் என்ன செய்வது என்பதுதான் உன் கேள்வி என்று நினைக்கிறேன். எதிரே ஒருவன்தான் இருக்கிறான், அவன் முன்னால் ஒரு சின்ன ஜோடியோ ஒன்றுக்கொன்று சேராத சீட்டுகளோ கிடக்கின்றன என்றால் போடு. சின்ன மேசையில் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டும் காசு போட்டுப் பார்க்க வருவார்கள். அவன் முன்னால் மூன்று ஆர்ட்டின் கிடந்தால் போடாதே, செக் சொல். ஃப்ளஷ் விழாதவன் எப்படியும் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிடுவான், விழுந்தவன் உன் மேலேயே ஏற்றுவான். நீ போட்டு என்ன லாபம்? அவன் போட்டால் நீயும் போட்டுப் பார்க்கலாம். அவன் போட்டதையும் சேர்த்து 50 டாலர் கிடந்தால், பதினொன்றில் ஒரு தடவை நீ ஜெயித்தாலே அந்த ஐந்து டாலருக்கு நஷ்டமில்லை.

கணக்கு சரிதான். ஆனால் இதே கணக்கை ஐந்தாவது சீட்டிலும் ஆறாவது சீட்டிலும் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. எதிரே இருப்பவன் முதலில் திறந்த சீட்டுக்கு ஆறாவதில் ஜோடி வந்துவிட்டால், உதாரணத்துக்கு ஏழு மேலே ஏழு, அவன் கையில் இன்னொரு ஏழு இருக்கிறது என்றே எடுத்துக்கொள். அதனால்தான் அவன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான். அப்போது பின்னால் இருப்பது நீ. உனக்கு வர மிச்சம் இருப்பது ஒரே சீட்டு, தெரியாத 46இல் உன்னைக் காப்பாற்றுவது நாலு. பத்தில் ஒன்றுகூட இல்லை. கவிழ்த்துவிடு. ராஜா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

பக்கத்து வீட்டு அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

கொலுவுக்கு நீ வரவில்லை. குழந்தை கேட்டதென்று செட்டியார் பொம்மையைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். மருமகளிடம் பேசினேன். வெள்ளிக்கிழமைகளில் உனக்கு ஆபீஸில் லேட்டாகிறது என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் எனக்குத் தெரியும் கண்ணா. என் செவ்வாய்க்கிழமை கோயில் மாதிரி.

அந்த நாட்களில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடிசனிலிருந்து அட்லாண்டிக் சிட்டி கசினோ பஸ் ஏறுவேன். ரெண்டு மணி நேரம். இறங்கும்போது கால் டாலர் காசுகளை உருளையாகக் கையில் கொடுப்பார்கள், ஏதோ அவர்கள்தான் நமக்குக் கடன்பட்டவர்கள் மாதிரி. 1993இல்தான் அட்லாண்டிக் சிட்டியில் போக்கருக்கு அனுமதி வந்தது. அப்போதெல்லாம் ஸ்டட்தான். 2003க்கு அப்புறம் எல்லோரும் ஹோல்டம் என்கிற இன்னொரு வகைப் போக்கர் பக்கம் போய்விட்டார்கள். நீ எங்கே ஸ்டட் மேசை பிடித்தாய் என்று தெரியவில்லை. ஒரு வருஷம் ஜெயித்தேன். உன் சைக்கிள் அந்தப் பணம்தான். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

2001இல் உன் பள்ளி பேண்ட் வாத்தியக் குழு ஃப்ளோரிடா போனது. "அப்பா வேண்டாம் என்கிறார்" என்று உன்னிடம் சொன்னேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை. அவர் ஜனவரியிலேயே 1,100 டாலரை எண்ணி என் கையில் கொடுத்துவிட்டார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரே ஆட்டத்தில் போகவில்லை, ஐந்து ஐந்தாகப் போனது. ஒவ்வொரு ஐந்துக்கும் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. மேலே எழுதினேனே ராஜாவும் ஒன்பதும், எதிரே ஏழு மேலே ஏழு, அது மார்ச் மாதம். எனக்குத் தெரியும், அவனிடம் மூன்று ஏழு என்று. தெரிந்தும் ரெண்டு தடவை ஐந்து போட்டேன். அவ்வளவு நேரம் காத்திருந்தாயிற்றே என்று.

அப்பாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அவரே டப்பாவை நகர்த்திப் பார்த்துவிட்டார். நீ ரெண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தாய், கிளாரினெட்டைக் கொண்டுபோய் மாடியில் போட்டாய். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ அவரிடம் "பேண்ட் டிரிப்புக்குக்கூட விடல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அவரும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அப்பா உன்னை எதற்கும் தடுத்தவரில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எப்போது நின்றன என்று கேட்பாய். நீ நினைப்பதைவிட ரொம்பத் தாமதமாக.

எவ்வளவு என்று நான் கேட்கப் போவதில்லை. மருமகளிடமும் கேட்க மாட்டேன். நீ கேட்ட அந்த ரெண்டு ஜோடிக்கு எதிரே என்ன சீட்டு திறந்து கிடந்தது, நீ எத்தனையாவது சீட்டில் கவிழ்த்தாய், அதை மட்டும் எழுது.

அம்மா