அரை நூல் இடைவெளி

ஒட்டாவா,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்களும் அம்மாவும் நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "வீட்டுல என்ன ஒரே டப்பு டப்புன்னு சத்தம்?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அதை அவள் உங்கள் காதருகே போய், "மரவேலையாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். காதில் மிஷின் மாட்டினாலும் போனில் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் மரவேலையை ஒரு சொல்லில் சொல்லி முடிப்பதா? அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 1996இல் கட்டிய வீடு. வெளியே செங்கல் தெரியும், ஆனால் அது சும்மா போர்த்தியது. உள்ளே முழுக்க மரம். இரண்டுக்கு நாலு அங்குலக் கட்டைகளைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையைத் திருகி, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் சுவர் ஆயிற்று. தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம். அந்த இரண்டுக்கு நாலும் பேச்சுக்குத்தான். அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை. அறுத்தபோது இருந்த அளவு அது, காய்ந்து இழைத்த பிறகு இது என்கிறார்கள். அறந்தாங்கி மரக்கடையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் பில்லைக் கிழித்திருப்பீர்கள். ஒன்று மட்டும் எனக்குச் சௌகரியம். சாலையில் கிலோமீட்டர், பாலுக்கு லிட்டர் என்று இருக்கிற நாட்டில் மரக்கடை மட்டும் இன்னும் அடி, அங்குலத்தில்தான் நடக்கிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்த நூல் கணக்கு அப்படியே செல்லும். கடைக்காரர் அங்குலத்தில் எட்டில் ஒன்று என்றால் நான் மனதுக்குள் ஒரு நூல் என்று சொல்லிக்கொள்வேன்.

கதவு நிலையைப் பார்த்தால் உங்களுக்குக் கோபமே வரும். நம் ஊரில் நிலை வைக்க நாள் பார்த்து, மஞ்சள் பூசி, பூ வைத்து, தேங்காய் உடைத்துத்தானே வைப்போம்? நாலு பேர் தூக்கினால்தான் அசையும். இங்கே முக்கால் அங்குலப் பலகைதான் நிலை. சுவரில் விட்ட ஓட்டைக்குள் அதை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி மெல்லிய மரச்சீவலைச் செருகி, மட்டம் பார்த்து ஆணி அடித்துவிடுகிறார்கள். சுற்றிலும் விரல் நுழைகிற சந்து தெரியும். அந்தச் சந்தை மூடத்தான் கதவைச் சுற்றிப் பட்டை அடிப்பது. தரையோரச் சந்துக்கு ஒரு பட்டை, சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்துக்கு ஒரு பட்டை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக டிரிம் என்று பெயர். நாம் பீடிங் என்று சொல்வோமே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுப் பட்டையில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது. நிலையின் விளிம்போடு சமமாக அதை அடிக்க மாட்டார்கள். ஒன்றரை நூல் உள்ளே தள்ளித்தான் அடிப்பார்கள். சமமாக அடித்தால் அரை நூல் கோணலும் கண்ணுக்குத் தெரியும், தள்ளி அடித்தால் தெரியாது. கண்ணை ஏமாற்றுகிற வேலைதான், ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்டது மேலே அடிக்கிற பட்டையில். கிரவுன் மோல்டிங் என்பார்கள். உங்களுக்குச் சொல்வதானால் கோயில் கூரை விளிம்பில் வளைந்து நிற்குமே, அந்தக் கொடுங்கை, அவ்வளவுதான். சின்ன வயதில் ஆவுடையார்கோயிலுக்குக் கூட்டிப்போய் என் கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்க்க வைத்தீர்களே, கருங்கல்லில் மரச்சட்டம் போலவும் ஆணி போலவும் செதுக்கியிருப்பார்களே, அதன் தூரத்து உறவு. அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக் கொடுப்பார்களாம் என்று அன்றைக்கு நீங்கள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இவர்களுடையதும் கோயிலிலிருந்து வந்ததுதான், கிரேக்க, ரோமானியக் கோயில்களின் கல் விளிம்பு. மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ வேண்டும் என்று வெளியே வைத்ததை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டுக்குள் எந்த மழை? அழகுக்குத்தான். கொஞ்சம் விரிசலை மறைக்கவும்.

ஆள் வைத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டுக் கூலி சொன்னார். அந்தப் பணத்துக்கு நான் ஒரு தடவை ஊருக்கே வந்துவிட்டுப் போகலாம். "நீங்களே செய்யுங்களேன், மாமா தச்சர்தானே" என்றாள் உங்கள் மருமகள். தச்சர் மகனுக்குத் தச்சு வராது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மரம் வாங்கப் போனால் இரண்டு வகை. ஒன்று மர நாரைப் பிசின் போட்டு அழுத்திய எம்.டி.எஃப். விலை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் ஊதும், நுனியைச் செதுக்கினால் உதிரும். இன்னொன்று துண்டு துண்டாகக் கைவிரல் கோத்த மாதிரி ஒட்டிய பைன், வெள்ளை பிரைமர் பூசியே வரும். பைன்தான் வாங்கினேன். நாலைந்து நாள் அறையிலேயே படுக்கப் போட்டு வைத்தேன். மரம் வீட்டுக்குப் பழகட்டும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதேதான்.

இந்தப் பட்டை சுவரோடும் ஒட்டாது, சீலிங்கோடும் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும். நான் வாங்கியது சுவரோடு 38 டிகிரி, சீலிங்கோடு 52. அதைப் படுக்க வைத்து அறுத்தால் மிஷின் ரம்பத்தைப் பக்கவாட்டில் 31.6 டிகிரி திருப்பி, 33.9 டிகிரி சாய்க்கவும் வேண்டும், அதுவும் மூலை சரியாக 90 ஆக இருந்தால்தான். அந்தக் கணக்கை விட்டுவிட்டு, ரம்பத்தின் மேஜையைச் சீலிங்காகவும் பின்பலகையைச் சுவராகவும் நினைத்துக்கொண்டு, பட்டையைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து நேராக 45இல் அறுப்பதுதான் சுலபம். தலைகீழாக வைத்தால் இடது வலது மாறும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், முதல் நாளே பன்னிரண்டு அடிப் பட்டையை எதிர்ப்பக்கம் அறுத்துவிட்டேன். ஏணியில் ஏறி மூலையில் வைத்துப் பார்க்கிறேன், உள்மூலைக்கு வெளிமூலை வெட்டு. கீழே நின்ற பாப்பா, "அப்பா, அது அந்தப் பக்கம்" என்றாள். ஐந்து வயது. உங்கள் பேத்திதான், சந்தேகமே இல்லை.

அப்புறம் மூலை. இரண்டு பட்டையையும் 45 அறுத்து ஒட்டவைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் நாலு மூலையில் ஒன்றுகூட 90 இல்லை. ஒன்று 91, ஒன்று 88. பட்டி பூசுகிறவன் மூலையில் அப்பிய அப்பு அப்படி. பக்கத்து வீட்டுப் பெரியவர் இத்தாலிக்காரர், வேலையை விட்டு ஓய்வாக இருப்பவர், வாழ்நாள் முழுக்க இந்த டிரிம் வேலைதான் பார்த்தாராம். சத்தம் கேட்டு வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் ஒரு சின்ன ரம்பத்தோடு திரும்பி வந்தார். வில் மாதிரி வளைந்த சட்டம், நடுவில் நூல் மாதிரி பிளேடு.

அவர் காட்டிய முறை இது. முதல் பட்டையை நேராக அறுத்து மூலைச் சுவரில் முட்டக் கொண்டுபோய் அடித்துவிட வேண்டும். இரண்டாவது பட்டையை முதலில் 45இல் அறுக்க வேண்டும். அறுத்ததும் அந்தப் பட்டையின் வளைவு நெளிவெல்லாம் முன்விளிம்பில் ஒரு கோடாகத் தெரியும். பென்சிலைச் சாய்த்து அந்த விளிம்பில் ஒரு தடவை ஓட்டினால் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ரம்பத்தைப் பின்பக்கம் சாய்த்து அறுத்துவர வேண்டும். முன்னால் தோல் அளவுக்குத்தான் மரம் நிற்கும், பின்னால் சதை எல்லாம் போய்விடும். முதல் பட்டையின் மேல் இதை வைத்தால் அதன் வளைவுக்குள் இது போய் உட்கார்ந்துகொள்ளும். மூலை 88 ஆனாலும் 91 ஆனாலும் கவலை இல்லை. கொஞ்சம் முட்டுகிற இடத்தில் உருண்டை அரத்தால் இரண்டு இழுப்பு, உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

என் முதல் மூலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெரியவர் இரண்டாவதைப் பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடித்தார். முடித்ததும் கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரல் நகத்தை அந்த இணைப்பின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். நீங்களும் அப்படித்தானே செய்வீர்கள்? நான் ஏணியைப் பிடித்தபடி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணி அடிக்கச் சுத்தியல் கிடையாது. காற்றில் இயங்குகிற துப்பாக்கி மாதிரி ஒன்று. அழுத்தினால் இரண்டு அங்குல ஆணி தலை தெரியாமல் உள்ளே போய்விடும். அம்மாவுக்குக் கேட்ட டப்பு அதுதான். வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிற வழக்கமே இங்கு இல்லை. உங்கள் வாயில் ஆணி இல்லாமல் நான் உங்களைப் பட்டறையில் பார்த்ததே இல்லை.

இப்போது நடந்த கூத்தைச் சொல்கிறேன். அக்டோபரில் கீழே ஹாலை முடித்த தைரியத்தில் மாடியில் படுக்கை அறையையும் முடித்தேன். சந்து தெரியாமல் அடைத்து, வெள்ளை அடித்து, போட்டோகூட அனுப்பினேனே, அதுதான். ஜனவரியில் குளிர் மைனஸ் 25க்குப் போனது. ஒருநாள் காலையில் படுக்கையிலிருந்து பார்க்கிறேன், நடுச்சுவர் ஓரமாகப் பட்டைக்கும் சீலிங்குக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. ஏணி போட்டு அளந்தால் மூன்று நூல்! மூலையில் இணைப்புகளெல்லாம் கச்சிதமாக அப்படியே இருக்கின்றன, சீலிங் மட்டும் மேலே போயிருக்கிறது. வீடு பிளக்கிறது என்றே பயந்துவிட்டேன்.

பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மாடிக்கு மேலே கூரையைத் தாங்குவது முக்கோண மரச்சட்டங்கள். அதன் அடிக்கட்டை பஞ்சு மாதிரிப் போர்வைக்குள் புதைந்து வெதுவெதுப்பாக இருக்கும், காய்ந்துபோகும். மேல்கட்டை குளிரில் இருப்பதால் ஈரத்தை இழுத்து நீளும். ஒன்று நீண்டு ஒன்று நீளாததால் அடிக்கட்டை நடுவில் வில்லாக மேலே வளைகிறது, சீலிங்கையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறது. வெயில் காலம் வந்தால் தானாக இறங்கிவிடுமாம். வருஷா வருஷம் இதே கதைதானாம். கீழே ஹாலுக்கு மேல் மாடித் தரை இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நான் செய்த தப்பு, பட்டையைச் சுவரிலும் அடித்துச் சீலிங்கிலும் அடித்தது. ஒன்று இழுக்க, இன்னொன்று விடமாட்டேன் என்று பிடிக்க, சீலிங் பக்கத்து ஆணி பிடுங்கிக்கொண்டது. நடுச்சுவர்ப் பட்டையில் சுவர்ப்பக்கம் ஆணியே கூடாது, சீலிங்கோடு மட்டும் சேர்த்து அடிக்க வேண்டும். அப்போது சீலிங் போகிற போக்கில் பட்டையும் சுவரைத் தடவிக்கொண்டு ஏறும், இறங்கும். பெயிண்டைக் கீழே ஒரு அங்குலம் கூடுதலாக இறக்கி அடித்துவிட்டால் அது நகர்ந்ததே யாருக்கும் தெரியாது. போன இரண்டு வாரச் சனி, ஞாயிறும் அந்தப் பட்டையைக் கழற்றி, ஆணியைப் பின்பக்கமாக இழுத்தெடுத்து, மறுபடி அடிப்பதில் போயிற்று. அம்மா கேட்ட சத்தம் அந்த இரண்டாவது தடவை அடித்தது.

தேக்கில் கதவுச் சட்டம் கோக்கும்போது நீங்கள் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் வஜ்ஜிரப் பசை போடாமல் சும்மா விடுவீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அது மூச்சு விடணும்டா" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. இங்கே இருபது டாலர் ஆணியை வீணாக்கிய பிறகு விளங்கியது.

பங்குனியில் ஊருக்கு வருகிற நண்பரிடம் ஒரு துண்டு கொடுத்தனுப்புகிறேன், ஆறு அங்குலம். நானே வளைவு பார்த்து அறுத்தது. கீழ் வளைவில் ஒரு இடத்தில் அரம் அதிகமாக ஓடி அரை நூல் போய்விட்டது, அங்கே கொஞ்சம் பட்டி வைத்து மறைத்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். நகத்தை இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள், அவள் கண்ணாடி போட்டுத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்