மாப்ள, ஆடு எண்ணப் போன கதை

மாப்ள,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு திட்டிருப்ப, திட்டு, தப்பில்ல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதிருந்த, இப்ப சீரியல் பாக்க ஆரம்பிச்சிட்டாங்களா? புது பிராஞ்ச்ல ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கேஷ் டேலி ஆகாம உக்காந்துருக்கேன்னு புலம்பிருந்த பாரு, அதப் படிச்சதும் இந்தக் கதைய உனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன்.

2025 ஏப்ரல் கடைசில வரையாடு கணக்கெடுப்புக்கு வாலண்டியரா போயிட்டு வந்தேன்டா. நம்ம மாநில விலங்குதான், பழைய பாட்டுல எல்லாம் வருடைன்னு வருமே அதேதான். தமிழ்நாடும் கேரளாவும் ஒரே சமயத்துல எண்ணுறாங்க, ஏன்னா ஆட்டுக்கு எல்லைக்கல்லு தெரியாது, காலைல இந்தப் பக்கம் மேயும் சாயங்காலம் அந்தப் பக்கம் போயிரும், ரெண்டு பேரும் வேற வேற மாசத்துல எண்ணுனா ஒரே ஆட்ட ரெண்டு கணக்குலயும் எழுதிருவோம். எனக்குக் கெடச்சது வால்பாறைக்கு மேல கிராஸ் ஹில்ஸ். எஸ்டேட் முடியுற எடத்துல ஜீப் நின்னுருச்சு, அப்புறம் நடைதான், சோலைக்குள்ள ஏறி ஏறி திடீர்னு மரமே இல்லாம ஒரே புல்லு, கண்ணு எட்டுற வரைக்கும் புல்லு.

மொத நாளே என் ஷூ அடி பிஞ்சிருச்சு. சாக்கு தைக்கிற சணல வச்சு கூட வந்த காட்டிலாகா வாட்சர் அண்ணன் கட்டிவிட்டாரு, அவரு போட்டிருந்ததோ சாதா ரப்பர் செருப்பு, நான் மூச்சு வாங்கிட்டு நிக்கிறப்ப அவரு மேல போயி பீடி பத்தவச்சு உக்காந்துருப்பாரு. முதுவர் பழங்குடி ஆளு, அம்பது வயசுக்கு மேல இருக்கும். அட்டைக்கு உப்பு மூட்டை கட்டி கையில குடுத்தாரு, மழை ஒரு தூத்தல் போட்டுச்சுன்னா போதும் எங்க இருந்துதான் வருமோ. தங்குனது யானை வராம சுத்தி அகழி வெட்டுன ஒரு கேம்ப் ஷெட்டு, ராத்திரி கஞ்சி, கருவாடு, கடுங்காப்பி. சத்தியமா சொல்றேன் அந்தக் குளுருல அந்தக் கருவாட்டுக்கு ஈடு எதுவும் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். எண்ணுற முறைக்கு டபுள் அப்சர்வர்னு பேரு. ஒரே பாதைல மொதல்ல ஒரு டீம் போகும், அரை மணி நேரம் கழிச்சு அதே பாதைல இன்னொரு டீம் வரும், ரெண்டு பேரும் பேசிக்கவே கூடாது. நாங்க மொத டீம். ரெண்டாவது நாள் மத்தியானம் வரைக்கும் மஞ்சு, பத்தடி தள்ளி நிக்கிறவன் தெரியல, அப்புறம் பொசுக்குன்னு ஒரு காத்து, தெறந்து பாத்தா எதிர்ப் பாறைல ஒரு கூட்டம்! எனக்குச் சந்தோஷம் தாங்கல, கைய நீட்டிட்டேன். வாட்சர் அண்ணன் படார்னு என் கையத் தட்டிவிட்டாரு, "இறக்குங்க சார், கீழ இருந்து அவங்க பாத்துருவாங்க." திரும்பிப் பாத்தா ரெண்டாவது டீம் சரிவுல புள்ளி புள்ளியா வந்துட்டு இருக்கு.

சாயங்காலம் ரெண்டு நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ஒத்துப்போகல! நான் உன்ன மாதிரியே யோசிச்சு பதறிட்டேன், போச்சுடா நாளைக்கு மறுபடி ஏறணும்னு. கூட வந்த ஆராய்ச்சிக்காரப் பொண்ணு சிரிச்சிருச்சு, ஒத்துப்போகாததுதான் சார் எங்களுக்கு வேணும்னுச்சு. எப்படின்னா, நாங்க அஞ்சு கூட்டம் பாத்தோம், அவங்க நாலு, ரெண்டு நோட்டுலயும் இருக்குறது மூணு. அவங்க பாத்த நாலுல மூணத்தான் நாங்க புடிச்சிருக்கோம், அப்ப எங்க கண்ணு முக்கால்வாசிதான் புடிக்குது, அப்ப நாங்க பாத்த அஞ்சும் அங்க இருக்குறதுல முக்கால்தான், ஆக மொத்தம் ஆறேழு கூட்டம் இருக்கணும். யாருமே பாக்காத ஆட்டையும் கணக்குல கொண்டு வந்துட்டாங்க பாரு! காப்பி அடிச்சு எழுதிருந்தா இது தெரிஞ்சிருக்காது, அதான் அந்தக் கையத் தட்டுனது. உங்க மேனேஜர்கிட்ட இதச் சொல்லிப் பாரேன், என்ன சொல்றாருன்னு எழுது.

கூட்டம் எத்தனைன்னு எழுதுனா மட்டும் பத்தாது, பெட்டை, குட்டி, கெடா எல்லாம் பிரிச்சு எழுதணும். வயசான கெடாவுக்கு முதுகுல வெள்ளி பூசுன மாதிரி ஒரு பட்டை இருக்கும், சேணம் போட்ட மாதிரி, அது ஈஸி. குட்டிதான் கஷ்டம், தாய்க்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிடும், அஞ்சா ஆறான்னு நானும் வாட்சர் அண்ணனும் கால் மணி நேரம் சண்ட, கடைசில ஆறுதான், அவரு வெறுங்கண்ணுல பாத்தது, நான் பைனாகுலர்ல அஞ்சு!

ரிசல்ட் வந்துருச்சு, தமிழ்நாட்டுல 1303. அதுக்கு முந்துன வருஷம் 1031. பேப்பர்ல எல்லாம் ஆடு பெருகிருச்சுன்னு ஒரே கொண்டாட்டம், எனக்கும் சந்தோஷந்தான், ஆனா இந்தத் தடவ போன தடவைய விட நெறைய எடத்துல பாத்தோம், அதனால எவ்வளவு ஆடு பெருகுனது எவ்வளவு நம்ம கண்ணு பெருகுனதுன்னு நீயே ஆடிட் பண்ணிக்க. குன்னூர்ப் பக்கம் டேவிதார்னு ஒரு வக்கீல், 1975லயே மலை மலையா ஏறி எண்ணுனவரு, அவரு பிறந்த நாள் அக்டோபர் 7ஐத்தான் இப்ப வரையாடு தினம்னு வச்சிருக்காங்க. வக்கீலுக்கு எதுக்குடா ஆடுன்னு அன்னைக்கு எத்தன பேரு கேட்டுருப்பான்.

ஊருக்கு இறங்கி வர்றப்ப ஒரு கூத்து. வால்பாறை ரோட்டு நாப்பது ஹேர்பின் வளைவுல ஒன்பதாவது இருக்கே, காலேஜ் டூர்ல நீ வாந்தி எடுத்த அதே எடம், அங்க ரோட்டோர சுவத்து மேல ஒரு கெடா, முதுகுல வெள்ளிப் பட்டையோட, மூணடி தூரத்துல நின்னு அசை போடுது. மூணு நாளு முட்டி தேய ஏறி நான் பாத்தது எல்லாம் அரை கிலோமீட்டர் தள்ளி! ஒரு சின்னப் பையன் சிப்ஸ் பாக்கெட்ட நீட்டுறான், நான் பஸ் ஜன்னல்ல இருந்து கத்துறேன், அவங்க அப்பா என்னய மொறைக்கிறாரு.

உன் மாமா குடுத்த பைனாகுலரத்தான் எடுத்துட்டுப் போனேன், சொல்லாம விட்டுட்டேன். எடது பக்க லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கு. அந்த ஆறாவது குட்டி தெரியாததுக்கு அதுதான் காரணம்னு நான் சொல்லிட்டுத் திரியுறேன். கோயம்புத்தூர்ல குடுத்து தொடச்சு வாங்கிட்டு தீபாவளிக்கு வர்றப்ப கொண்டாறேன், மாமாகிட்ட இப்பவே போட்டுக் குடுத்துராத.