பழைய ஸ்டீரியோவைக் கழிக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பாட்டுக் கேட்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்களை ஒழித்துவிட்டு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம் என்று முடித்திருந்தீர்கள். சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு அது சரி. செட்டிநாட்டு வீட்டுக்கு ஒத்துவராது.

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், ஜப்பான் கம்பெனியான சான்சுயின் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. எழுபதுகளில் என் மாமனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. வால்யூம் குமிழைத் திருப்பினால் இன்றும் கையில் கனம் தெரியும். இதே மாதிரிப் பெட்டிகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடைகளில், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். கேட்டால், “இதுல ப்ளூடூத் இல்லையே ஆச்சி” என்கிறார்கள். கிராமபோன் தட்டு விற்றுத் தொழில் தொடங்கிய ஏவி.எம். மெய்யப்ப செட்டியாரின் ஊரில் இந்தக் கதை! ப்ளூடூத் இல்லைதான். அதைச் சேர்க்க, கைப்பேசிப் பாட்டை வயரில்லாமல் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் ஒரு சின்ன ரிசீவர், ஆயிரம் ரூபாய்க்குள், போதும்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள், விளக்காமல் விட மனம் வராது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருக்கும். ரிசீவரின் வயரை அதில் செருக வேண்டும். அது காலியாக இல்லையென்றால் ‘டியூனர்’, ‘டேப்’ துளைகளிலும் செருகலாம். ‘ஃபோனோ’வில் மட்டும் கூடாது. அது இசைத்தட்டு முள்ளுக்கானது. முள்ளிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். ரிசீவர் 2 வோல்ட் வரை தரும். 400 மடங்கு! போதாததற்கு, அந்தத் துளை கீழ்ச் சத்தத்தை ஏற்றி மேல் சத்தத்தை இறக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி நேராக அதில்தான் செருகினார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது பாட்டு. “ஆம்ப்ளிஃபயர் போயிருச்சு ஆச்சி” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். துளையை மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது.

எங்கள் ஊர்களில் உண்மையான சிக்கல் ஆம்ப்ளிஃபயர் இல்லை, சுவர். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இடையில் ஒரு முழத்துக்குக் குறையாத காரைச் சுவர்கள். வீட்டில் புழங்கும் ப்ளூடூத் சாமான்கள் தடை இல்லாத இடத்திலேயே சுமார் 10 மீட்டர்தான் எட்டும். கைப்பேசியோடு பின்னால் இரண்டாங்கட்டுக்குப் போனால் பட்டாலையில் பாட்டு திக்கும்.

அதைவிட மோசம், ப்ளூடூத்தில் பாட்டு கைப்பேசியிலிருந்தே போகிறது. அதற்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் திருப்பூட்டு (தாலி கட்டுவது) முடிந்து, நாதசுரக் கோஷ்டி சாப்பிடப் போன நேரத்தில், ஒரு பையன் தன் கைப்பேசியிலிருந்து மங்கள இசை போட்டான். மணமக்கள் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருந்தபோது அது நின்று, அவனுடைய ரிங்டோன் வளவு முழுக்க முழங்கியது. குத்துப்பாட்டு. பெரியவர்கள் ஆசீர்வாதத்தை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

வை-ஃபையில் ஓடும் ஸ்ட்ரீமர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பாட்டை இணையத்திலிருந்து அந்தப் பெட்டியே எடுத்துக்கொள்ளும், கைப்பேசி வெறும் ரிமோட். ஆனால் வை-ஃபை தரும் ரவுட்டரை எல்லாரும் முகப்பில்தான் மாட்டுகிறார்கள். வை-ஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே சோர்ந்துபோகும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் நாங்கள் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைப் பழைய வயரிங் போகும் மரச்சட்டத்தின் மேலேயே ஓட்டி, பட்டாலையில் ஸ்ட்ரீமரின் பின்னால் செருகிவிட்டோம். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம். சுவரில் ஒரு துளை போடவில்லை.

ஓசை நயம் பற்றியும் கேட்பார்கள். சி.டி.யில் பாட்டுக்கான தகவல் நொடிக்கு 1,411 கிலோபிட். ப்ளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்.பி.சி.யில் நல்ல தரம் என்பதே 328 கிலோபிட் அளவில்தான். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டுக்கு இந்த வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை, வீணைக்குத் தெரிகிறது.

என் மகன் எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டியாக வாங்கலாம் என்றான். நான் ஒப்பவில்லை. பழுதாவதும் பழசாவதும் வயர்லெஸ் பாகம்தான். கூகுள் 2015-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற ஸ்ட்ரீமரை 2019-இல் நிறுத்திவிட்டது. வாங்கி வைத்திருந்தவர்களிடம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, சில நாட்கள் அதுவும் வேலை செய்யவில்லை. இப்படி நடந்தால் சின்னப் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சான்சுய் அதன் பாட்டுக்கு இருக்கும்.

பழைய பெட்டிக்குக் கவனிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடென்றால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கபாசிட்டர்கள் காய்ந்திருக்கும், ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் தொட்டால் உதிரும். இரண்டையும் மாற்ற முடியும். புது ரிசீவரை இணைத்ததும் ‘ம்ம்’ என்று இரைந்தால் ஆம்ப்ளிஃபயரைத் திட்டாமல், ரிசீவரைச் சார்ஜரிலிருந்து கழற்றி ஒரு பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் மின்இணைப்பின் பக்கம்.

உங்கள் இணைப்பில் இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பெரிய படமாகப் போட்டு, எதில் எதைச் செருகுவது என்று அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடமும் உங்கள் நிருபர் பேசட்டும், ரிப்பேர் செலவு என்ன என்று தெரியவரும். பொங்கலுக்குள் வந்தால் உபயோகம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து வீட்டைத் திறந்து ஒதுக்கி, வேண்டாததைக் கழிப்பது அந்தச் சமயத்தில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தேவகோட்டை.