ஸ்னோ மேப் வாங்குற நம்ம வாடிக்கையாளர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன மார்ச்ல நாங்க அனுப்புன, ஸ்னோவுல எவ்ளோ தண்ணி இருக்குன்னு காட்டுற மேப்பப் பாத்துட்டு, கனடாவுல வின்னிபெக்குக்குத் தெக்க வயல் வெச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் போன் பண்ணி, "என்னங்க, வயல் பூரா ஸ்னோ கெடக்கு, உங்க மேப்ல சைபர்னு வருது"ன்னு கேட்டாரு. அவர் கேட்டது நியாயம், தப்பு எங்க மேலதான். மத்தவங்களுக்கும் வெளக்கிச் சொல்லணும்னுதான் இந்த மடல்.

நாங்க சாட்டிலைட்லருந்து ரெண்டு வகை டேட்டா எடுக்குறோம். ஒண்ணு மோடிஸ், சென்டினல்-2 மாதிரி சாட்டிலைட் கேமரா எடுக்குற படம். கண்ணுக்கு மேகமும் ஸ்னோவும் ஒரே வெள்ளைதான், ஆனா 1.6 மைக்ரான் இன்ஃப்ராரெட்ல ஸ்னோ கறுத்துடும் மேகம் பளிச்சுன்னு நிக்கும், அத வெச்சுப் பிரிச்சிடலாம். மேகம் மூடிட்டா தரை தெரியாது. தெரிஞ்சாலும் ஸ்னோ எங்க இருக்குன்னுதான் சொல்லும், அதுல எவ்ளோ தண்ணி இருக்குன்னு சொல்லாது.

தண்ணிக் கணக்குக்கு ரெண்டாவது வகை, சாட்டிலைட் புடிக்கிற மைக்ரோவேவ். மண்ணுலருந்து தானா கெளம்பி வர்ற மைக்ரோவேவ ஸ்னோ துகள் சிதறடிக்கும், 37 கிகாஹெர்ட்ஸ்ல நெறைய, 19ல கொஞ்சம், அந்த வித்தியாசத்துலருந்துதான் அளவு வருது. மரம் மறைக்காத ப்ரெய்ரி சமவெளிக்கு இது நல்லா ஒத்துவரும், மேகம் இருட்டு எதுவும் தடையில்ல. ஆனா மதிய வெயில்ல ஸ்னோ லேசா ஈரமானாலே போச்சு, அந்த ஈரமே மைக்ரோவேவ வெளிய அனுப்ப ஆரம்பிச்சு வித்தியாசம் காணாம போயிடும். அன்னிக்கு நாங்க மதியம் 1.30 பாஸ் (சாட்டிலைட் மேல கடந்து போற நேரம்) டேட்டாவப் போட்டுட்டோம், அதான் சைபர். மன்னிச்சுக்கோங்க. இனிமே ராத்திரி 1.30 பாஸ்தான், ஈரம் பெரும்பாலும் திரும்ப உறைஞ்சிருக்கும். உறையாத ராத்திரியில சைபர் போடாம "ஈர ஸ்னோ"ன்னு தனி கலர் குடுப்போம்.

இன்னொண்ணு, மைக்ரோவேவ் பிக்சல் ஒண்ணே பல கிலோமீட்டர் அகலம். ஸ்னோ அளக்குற குழாய் எடுத்துட்டுப் போய் நாங்களே எறங்கி அளந்தோம், அறுத்த கோதுமைத் தாளுக்கு நடுவுல கணுக்கால் அளவு, பக்கத்துலயே ரோட்டோரப் பள்ளத்துல காத்து அள்ளிக் கொட்டுனது இடுப்பு வரைக்கும். பிக்சலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால உங்க வீட்டுப் பள்ளத்துக்கு தயவுசெஞ்சு எங்க மேப்ப மட்டும் நம்பாதீங்க.

ரெட் ரிவர் வடக்கால பாயுற ஆறு, தெக்க முதல்ல உருகி தண்ணி வரும்போது இங்க ஆத்துல ஐஸ் அப்படியே கெடக்கும், தண்ணி போக வழியில்லாம வெள்ளமாயிடும், 1997 வெள்ளத்தப் பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால தெக்க இருக்குற அமெரிக்காவோட நார்த் டகோட்டா பக்கத்தையும் இந்த வருஷத்துலருந்து சேத்தே அனுப்புறோம், தனி சார்ஜ் கெடையாது. முடிஞ்சா வயல்ல ஒரு ஸ்கேல ஊணி போட்டோ எடுத்து தேதியோட வாட்ஸப் பண்ணுங்க, மேப்போட ஒத்துப் பாத்து தப்பு இருந்தா திருத்தி மறுபடி அனுப்புவோம்.