எஸ்பிட் சி மொழியில் இல்லை என்று சொல்லிக்கொடுங்கள்

மின்னணுவியல் துறைப் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஆய்வக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். 8051 மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வகத்தில் தொடங்கி, இன்று எம்பெடட் சி (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கான சி நிரல்) எழுதியே பிழைப்பவன் நான். நீங்கள் போட்ட அந்த அடித்தளத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்இடி சிமிட்டும் முதல் பயிற்சியிலேயே 'எஸ்பிட் எல்இடி = பி1^0' என்று ஒரு வரி வருகிறது. எட்டு பின் கொண்ட பி1 போர்ட்டில் 0-ஆம் பின்னுக்கு 'எல்இடி' என்று பெயர் வைக்கும் வரி அது. எஸ்பிட் என்பது, சி நிரலை 8051-இன் இயந்திர மொழிக்கு மாற்றும் கெய்ல் சி51 கம்பைலர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்ட சொல். பிட், எக்ஸ்டேட்டா, இன்டரப்ட் எல்லாமே அப்படித்தான். சேர்த்ததில் தப்பே இல்லை. 8051-இல் தனி பிட்டுக்கும் முகவரி உண்டு, நினைவகமும் பல பகுதிகளாகக் கிடக்கிறது. அதைச் சொல்லத் தரநிலை சி-யில் சொல் கிடையாது. ஆனால் எது மொழி, எது கம்பைலரின் சொந்தச் சரக்கு என்று எங்களுக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை.

அந்த வரியில் உள்ள ^ குறியையே பாருங்கள். எஸ்பிட் அறிவிப்பில் அது பிட் எண்ணைக் காட்டும். அதைத் தாண்டினால் அதே குறி எக்ஸார், அதாவது இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் மட்டும் 1 தரும் கணக்கு. மாணவனாக இருந்தபோது 'இஃப் (பி1^0)' என்று எழுதிவிட்டு ஒரு சுவிட்சைப் படிப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. பி1-ஐ சுழியத்தோடு எக்ஸார் செய்தால் பி1-தான் வரும். எட்டு பின்னில் எது ஹையாக இருந்தாலும் நிபந்தனை உண்மையாகிவிடும். இரண்டு நாள் வயரையும் சுவிட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்டிசிசி கம்பைலரில் அந்த எஸ்பிட் வரி ஏறாது. அங்கே '__எஸ்பிட் __அட் (0எக்ஸ்90) எல்இடி' என்று, அந்தப் பின்னின் முகவரியைக் கொடுத்து எழுத வேண்டும். டைமர் ரொட்டீனில் 'இன்டரப்ட் 1' என்பதும் '__இன்டரப்ட்(1)' ஆகிவிடும். இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களை சி தரநிலை கம்பைலர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதனால் பார்த்தவுடனே தெரிந்துவிடும், இது வெளியிலிருந்து வந்த சொல் என்று.

கம்பைலர் சொற்களை மேக்ரோவாக (நாமே வைக்கும் மாற்றுப்பெயராக) ஒரே ஹெடர் கோப்பில் ஒதுக்கி வைக்கப் பழக்குங்கள். எஸ்டிசிசியோடு வரும் கம்பைலர்.ஹெச் கோப்பே நல்ல மாதிரி. பல 8051 கம்பைலர்களுக்கு அது பொதுவாக எழுதப்பட்டது. அப்புறம் ஒரு பயிற்சியையாவது இரண்டு கம்பைலரிலும் ஓட்டிப் பார்க்க வையுங்கள். செய்முறைத் தேர்வு வைவாவில், 'உன் புரோகிராமில் சி அல்லாத சொற்கள் எவை?' என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்